வெறும் பை

அந்தப் பை தலையணை உறைத் துணியில் தைத்தது. வெள்ளையில் நீலக் கோடு, வாயில் இழுத்துக் கட்ட ஒரு நாடா. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மாலை பஸ், அரவேணு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏறக்குறைய நின்றுவிடும். கம்பளிக் கோட்டும் தலையில் சுற்றிய மப்ளருமாக ஒரு பெரியவர் சாலையோரம் நிற்பார். கையை உயர்த்தி அந்தப் பையை டிரைவரின் ஜன்னல் வழியாக உள்ளே கொடுப்பார். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுவார். கண்டக்டர் அதை வாங்கி, "சார், மாமனார் பார்சல்" என்று என் மடியில் வைப்பார்.

மலைப்பாதை பஸ்களில் இது வழக்கமான காரியம். மருந்துச் சீட்டு, பத்திரிகைக் கட்டு, குழந்தை மறந்துபோன ஸ்வெட்டர், கல்யாண வீட்டுக்கு வேண்டிய வாழையிலை என்று எல்லாமே டிரைவர் கை வழியாகத்தான் ஊருக்கு ஊர் போகும். டிரைவரிடம் கொடுத்த பொருள் தொலைந்ததாக அந்தப் பாதையில் நான் கேள்விப்பட்டதில்லை. தொலைத்தவன் நான் ஒருவன்தான். வேண்டுமென்றே தொலைத்தேன்.

நான் கோத்தகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கல்யாணமானதும் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தோம். அந்த வளைவுக்கு மேலே சரிவில் அவருடைய வீடு இருந்தது. சுற்றிலும் தேயிலை. முன்பு கோசும் உருளைக்கிழங்கும் போட்ட நிலம்தான். தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செடி நட்டார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். என் மனைவி அவருக்கு ஒரே மகள். அவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் மாடியில் இருந்தது அவருக்கும் துணை. எனக்கும் சௌகரியம், நிதானமாகக் குளித்து, இட்லி சாப்பிட்டு, பஸ் ஏறினாலும் முதல் மணிக்கு முன்னால் பள்ளியில் இருப்பேன்.

எங்கள் மகனுக்குக் காது குத்தி விருந்து வைத்த அன்று அது நடந்தது. பந்தியில் நான் பாயச வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "மாப்பிள்ளை எப்பங்க சொந்தமா ஊடு கட்டறாரு?" என்று மாமனாரைக் கேட்டார். மாமனார் சிரித்தார். "அவரு எதுக்குங்க ஊடு கட்டோணும்? கணக்கு வாத்தியாரு. மாமனார் ஊட்டுலயே இருந்துட்டா அத்தனையும் மிச்சம்னு அவருக்குத் தெரியாதுங்களா?" பந்தி முழுக்கச் சிரித்தது. எதிர் வரிசையில் ஒருவர், "ஊட்டோட மாப்பிள்ளைன்னா சும்மாவா. பாயசத்தை நல்லா ஊத்துங்க, உங்க ஊட்டுதா என்ன?" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நான் அவருக்கு ஒரு கரண்டி அதிகமாகவே ஊற்றினேன்.

மாமனார் கெட்ட மனிதர் இல்லை. யாரைப் பற்றியும் அப்படி ஏதாவது சொல்லிச் சிரிக்கிறவர். என் இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் அந்த வாளி காலியாவதற்குள் மறந்திருப்பான். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதத்துக்குள் மேட்டுப்பாளையத்தில் வாடகைக்கு வீடு பார்த்தேன். மனைவி அழுதாள், அப்பாவிடம் போய்க் கேட்டாள். அவர், "வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு ஊட்டைக் காலி பண்றதா? நானா போயி அவருகிட்ட மன்னிப்புக் கேக்கோணும்?" என்றார். அதற்கு அவள் சொன்னது: "அப்பா, நீங்களா வந்து அவருகிட்ட ஒரு வார்த்தை பேசற வரைக்கும் நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்." எனக்காகத்தான் அவள் அப்படிச் சொன்னாள். இதை வாசிக்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அதன் பிறகு தினமும் மலை ஏறி இறங்கினேன். இருட்டு பிரியும் முன்னே பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். ஏறும்போது காது அடைக்கும், இறங்கும்போது வயிற்றைப் புரட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் பாதி வழியில் பஸ்ஸிலேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம். நான் வீடு திரும்பும்போது மகன் தூங்கியிருப்பான். அவன் தவழ்ந்ததையும் நடந்ததையும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்தேன். முதுகு வலி அந்த வருடங்களில் வந்தது, இன்று வரை போகவில்லை. ஆசிரியர் அறையில் யாராவது, "எதுக்கு சார் இந்தப் பாடு?" என்று கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பேன். கீழே வாடகை குறைவு. பையனுக்கு நெஞ்சில் சளி கட்டாது. காய்கறி மலிவு. பஸ்ஸில் விடைத்தாள் திருத்திவிடலாம். சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் அதில் ஒன்றுகூடக் காரணமில்லை. தினமும் இரண்டு வேளை அவர் வீட்டு வாசல் வழியாகப் போக வேண்டும், போயும் இறங்கக் கூடாது. அதுதான் காரணம். அவர் வீட்டில் மிச்சம் பிடித்ததாகச் சொன்னாரே, அந்த மிச்சம் முழுவதையும் பஸ்ஸில் செலவழித்துக் காட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு வெறி.

சில மாதங்களில் பை வர ஆரம்பித்தது. முதல் நாள் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு என்னை நோக்கி, "புள்ளைகிட்டக் குடுங்க மாப்ளே" என்றார். உள்ளே வர்க்கி பிஸ்கட், பிளம்ஸ், ஒரு பொட்டலம் டீத்தூள். அவரால் வந்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா, கோத்தகிரி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு என்னைப் போலவே தினமும் மேட்டுப்பாளையம் திரும்புகிறவர், "வர்க்கி வாசனை ஆளைத் தூக்குதுங்க சார்" என்றார். ஒன்று கொடுத்தேன். பின் சீட்டில் இருந்தவர்களுக்கும் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க ஒன்று புரிந்தது. இந்தப் பையோடு வீட்டுக்குள் போனால், அதைப் பார்த்த கணத்தில் அவள் கோபம் கரைந்துவிடும். மறுநாளே அப்பாவைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். பிறகு என் கோபம் மட்டும் தனியாக நிற்கும். பாதி வழியில் இருக்கும் குஞ்சப்பனை வருவதற்குள் பையைக் காலி செய்தேன். டீத்தூளைக் கண்டக்டருக்குக் கொடுத்தேன்.

காலிப் பையை மறுநாள் காலை டிரைவரிடம் கொடுத்தேன். வளைவில் இருந்த டீக்கடைக்காரரிடம் அவர் போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து பாத்திரமோ பையோ வந்தால் அதை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது, ஒரு எலுமிச்சம்பழமாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரம் வந்தால் அந்த வீட்டுக்காரருக்கு நம் மேல் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். என் மனைவி அதில் மிகவும் கண்டிப்பானவள். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட வெறுமனே அனுப்பியதில்லை. அவளை வளர்த்தவருக்கு அது தெரியாதா? முதல் தடவை நான் யோசிக்காமல் செய்தேன். ஒரு நாள் காலை, டீக்கடையில் அவரே நின்றிருந்தார். பையை வாங்கினார். வாயைப் பிரித்து, உள்ளே கையை விட்டு, மூலை வரைக்கும் தடவினார். பிறகு அதை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் வளைவைத் தாண்டும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வகுப்பில் எனக்கிருந்த உற்சாகத்தை இப்போது எழுதக் கை கூசுகிறது. பாயச வாளியோடு நான் நின்ற நிலையை அவருக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு யோசித்துத்தான் செய்தேன்.

அப்படி இரண்டு வருடங்களுக்கு மேல் நடந்தது. சில நாட்களில் பஸ் நிற்கும் அந்தச் சில நொடிகளில் அவர் என் ஜன்னலுக்கு வந்துவிடுவார். "புள்ளை என்னங்க சொன்னா?" என்று கேட்பார்.

"ஒண்ணும் சொல்லலீங்க மாமா."

அதில் பொய் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் நகர்வார்.

வீட்டில் அவள், "வளைவுல அப்பா கண்ணுல படறாருங்களா?" என்று எப்போதாவது கேட்பாள். "நான் தாள் திருத்திக்கிட்டு வர்றேன், வெளிய பாக்கறதில்ல" என்பேன். அதற்கு மேல் கேட்க மாட்டாள். தான் போட்ட நிபந்தனையில் அவள் நின்றாள். அப்பா ஓர் அடி எடுத்து வைப்பார் என்று காத்திருந்தாள். அவர் எடுத்து வைத்த அடிகளைத்தான் பஸ்ஸில் எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பறிக்கிற கூலிக்குக்கூடப் பச்சை இலை விலை போதவில்லை. சின்ன ஃபாக்டரிகள் வாரத்தில் பாதி நாள் இலை வாங்கவில்லை; பறித்த இலை சாக்கிலேயே சூடேறிக் கறுத்துப்போகும், அதைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். பஸ் போகிற வழியில் அந்த நாற்றம் வரும். மலைப்பாதை பஸ்களில் வருகிற முகங்களும் மாறின. காலையில் நாங்கள் மேலே போகும்போது, எதிரே இறங்குகிற பஸ்களில் தோட்ட வேலை போனவர்கள் கீழே மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் கூட்டமாகப் போனார்கள். மலையில் வீடு, கீழே வேலை. எனக்கு நேர்மாறு. அவர்களுக்கு வேறு வழி இல்லை.

பையும் மாறியது. வர்க்கி நின்றது. டீத்தூள் நின்றது. பிறகு வீட்டோரம் தானாக விளைகிற மரத்தக்காளி, மணத்தக்காளிக் கீரை, இரண்டு பேரிக்காய். பஸ்ஸில் ஒருவர், "மாமனாருக்குக் கை சுருங்கிப் போச்சுங்க போல. போன வருசம் பட்டர் புரூட் வந்துச்சு" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் அவரே கூடையை மாட்டிக்கொண்டு இலை பறிப்பதாக டிரைவர் சொன்னார். தேயிலைப் பணத்தில் அவர் வைத்த காதுகுத்து விருந்து எனக்கு நினைவுக்கு வந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு மாலை அவர் பையோடு நேரே என் ஜன்னலுக்கு வந்தார். "மாப்ளே, ஊட்டை விக்கறேனுங்க. தோட்டத்தோட. புள்ளையை ஒரே ஒரு தடவை வரச் சொல்லுங்க. அவங்கம்மா பொழங்குன சாமானெல்லாம் இருக்குது. அவளுக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும். அவ பொறந்த ஊடு, ஒருக்கா பாத்துட்டுப் போகட்டும். நான் அந்த நேரம் வெளிய போயிடறேன்னு வேணாலும் சொல்லுங்க."

"சொல்றேனுங்க மாமா" என்றேன்.

சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்ல நாக்கு வரை வந்தது. இரண்டு நாள் போகட்டும், கொஞ்சம் தவிக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். பை பிறகும் அதே வளைவில், அதே கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதனால் வீடு இன்னும் விற்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். ஒரு மாலை உள் அறையில் போர்த்திப் படுத்திருந்தபோது வாசலில் நர்ஸம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க அக்கா, சார் எப்படி இருக்காருங்க? ஆளைக் காணோமேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இந்தாங்க, இன்னைக்கு டிரைவரு இதை என் மடியில போட்டுட்டாரு."

"என்னங்க இது?"

"பார்சல்தானுங்க. சார் இருந்தா பஸ்ஸுலயே பிரிச்சு எங்களுக்குக் குடுத்துருவாரு. ஊட்டுல தின்னு சலிச்சுப் போச்சாமே? நாங்க சொல்லிச் சிரிப்போமுங்க, வாத்தியாருக்குப் பொண்ணைக் குடுத்துட்டு அந்த மனுசன் பஸ்ஸுக்கே சீர் செய்யறாருன்னு. ரெண்டு வருசத்துல நாலு கிலோ ஏறிட்டேன் நானு."

பையின் நாடாவைப் பிரிக்கிற சரசரப்பு கேட்டது. பிறகு என் மனைவி, "உக்காருங்க, காப்பி போடறேன்" என்றாள். காப்பி போட்டாள். நர்ஸம்மாவின் மகள் எந்த வகுப்பு என்று கேட்டாள். கேட் வரை போய் வழியனுப்பினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

உள்ளே வந்தவள் கையில் பை இருந்தது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"இதை எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

"காலையில டிரைவர்கிட்ட."

"உள்ள என்ன வச்சு?"

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்கு வெறும் பையை அனுப்புனீங்களா? எம் பேருல?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தின்றதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதுதான் வீடு விற்பதையும் சொன்னேன். எத்தனை நாளாகிறது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

மறுநாள் காலை, வழக்கமாக நான் போகிற பஸ்ஸில் அவள் போனாள். வளைவில் இறங்கி மேலே ஏறியிருக்கிறாள். வீட்டுக் கதவில் புதுப் பூட்டு. தேயிலைச் செடிகளைப் பிடுங்கிக் காட்டேஜ் கட்டக் கல் இறக்கியிருந்தார்கள். டீக்கடைக்காரர்தான் சொன்னாராம்: பெரியவர் வீட்டை ஒப்படைத்து மூன்று மாதமாகிறது, கட்டபெட்டுப் பக்கம், இலை எடை போடும் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறார், அங்கிருந்து கோத்தகிரிக்கு ஒரு பஸ், கோத்தகிரியிலிருந்து இங்கே ஒரு பஸ் பிடித்து வந்து, பையைக் கொடுத்துவிட்டு, அதேபோல் திரும்பிப் போகிறார். "அங்கயே கோத்தகிரியில குடுத்துடலாமேன்னு கேட்டேனுங்கம்மா. 'இங்கதான் குடுத்துப் பழக்கம், எடம் மாறுனா எம் பொண்ணுக்கு ஊடு வித்தது தெரிஞ்சு மனசு சங்கடப்படும்'னு சொன்னாருங்க." அவள் வரவில்லை என்றதும், நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறார். அதற்குக்கூட என்னைக் குறை சொல்லவில்லை. பாவம், மாப்பிள்ளை அவளிடம் சொல்லத் தயங்கியிருப்பார் என்று நினைத்திருக்கிறார். நான் அவரைத் தண்டிக்க மலை ஏறி இறங்கிய அதே சாலையில்தான் அவர், மகள் மனம் நோகக் கூடாது என்று, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

மாலை பஸ்ஸில் அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி. அவர் கை கால் கழுவப் போனபோது சமையலறையில் என்னிடம் சொன்னாள்: "அப்பாகிட்ட, எல்லாம் வந்துச்சு, கோவத்துல நாந்தான் வெறும் பையை அனுப்பினேன்னு சொல்லிட்டேன். நிஜத்தைச் சொன்னா இந்த ஊட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாரு. அவருக்குப் போக வேற எடமும் இல்ல. நீங்களாச் சொன்னா அது வேற. சொல்ற வரைக்கும் எம்மேலயே இருக்கட்டும்."

முதலில் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். போகப் போகப் புரிந்தது. நான் எத்தனை வருடம் யோசித்திருந்தாலும் அதைப் போல ஒரு தண்டனையை யாருக்கும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அவர் எங்களோடு நான்கு வருடங்கள் இருந்தார். கீழே உள்ள வெயில் அவருக்குச் சேரவில்லை, உடம்பெல்லாம் வேர்க்குரு. ஆனாலும் மாலையில் எனக்கு வெந்நீர் போட்டு வைப்பார். "மலைப் பஸ்ஸுல வர்ற ஒடம்பு, வெந்நி ஊத்துனாத்தான் தாங்கும்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், மகள் அப்படி நடந்துகொண்டும் தன்னை வீட்டில் சேர்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்று பெருமையாகச் சொல்வார். கோத்தகிரிக்கு அருகில் இப்போது வீடு பார்த்திருக்கலாம். பழைய காரணம் போய்விட்டது. ஆனால் எனக்கு அந்தப் பயணம் வேறு விதத்தில் தேவைப்பட்டது. காலையில் அவர் விழிக்குமுன் கிளம்பிவிடலாம். மாலையில் தனி வகுப்பு வைத்துக்கொண்டு கடைசிப் பஸ்ஸில் வரலாம். அவர் முகத்தைப் பார்க்கிற நேரம் அந்த அளவு குறையும். முன்பு வாடகையும் சளியும் சொன்ன வாயால் இப்போது பரீட்சை, சிறப்பு வகுப்பு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தப்ப முடியாது. சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஒரு நாள் அவள் குனிந்து அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க தங்கமுங்க மாப்ளே. இவளுக்குத்தான் மனசு கல்லு." அவள் நிமிரவில்லை. ரசம் ஊற்றி முடித்து, எனக்கும் ஊற்றினாள். நான் சொல்லியிருக்கலாம். மகன் பக்கத்தில் இருக்கிறான், அவருக்கு ரத்த அழுத்தம், சாப்பாட்டு நேரம் என்று என்னென்னவோ நினைத்தேன். சாப்பிட்டேன்.

ஒரு சித்திரை மாதத்தில் அவர் போய்விட்டார். சாவு வீட்டில் அவளுடைய சொந்தக்காரர்கள், "அப்பன் அனுப்புனதைத் தின்னுட்டு வெறும் பையை வீசுன மக, இப்ப அழுகறா பாரு" என்று அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். இன்றைக்கும் கல்யாணம் காட்சியில் அவளைப் பற்றி அப்படித்தான் பேச்சு. எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அவர்களில் பலர் படிக்கிறவர்கள். படிக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன். பையை வெறுமனே அனுப்பியவன் நான். அவள் இல்லை.

எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் படித்தாள். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓரிடத்தில் விரலை வைத்திருந்தாள்.

"இது தப்புங்க. மனசு கல்லுன்னு அப்பா சொல்லல."

"பின்ன?"

"'எனக்குப் பொண்ணு இல்லீங்க, மாப்பிள்ளை மட்டுந்தான்'னு சொன்னாரு. நீங்களும் அங்கதான் உக்காந்திருந்தீங்க. அதை அப்படியே எழுதுங்க."